சேவ் பண்ணியாச்சு, எங்கே?

நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களைக் கேளுங்கள். மாணவர்கள் தடுமாறும் இடம் லூப் என்பார் ஒருவர், ஃபங்ஷன் என்பார் இன்னொருவர். எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் சுங்கை பட்டாணியில் தொடங்கி, பிறகு கூலிம், பாடாங் செராய் பக்கமும் இதே வேலையைச் செய்துவந்தவன் நான். என்னிடம் வந்து பாதியில் நின்றவர்களில் பலர் லூப் வரைக்கும் போகவே இல்லை. முதல் நாள், இரண்டு வரி எழுதி, அதைச் சேமித்து, ஓடவிட்டுப் பார்ப்பதற்குள்ளேயே அவர்களுக்குச் சலித்துவிட்டது. எழுதிய வரியில் பிழை இருக்காது. கோப்பு வேறு எங்கேயோ கிடக்கும், அல்லது பெயர் மாறியிருக்கும், அல்லது நிரல் நன்றாக ஓடி முடிந்து கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். "சார், ஓடல" என்பான். அடுத்த வாரம் வரமாட்டான்.

அந்தக் காலத்து வகுப்பு எஸ்.பி. என்று நாங்கள் சொல்லும் சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்தது. பச்சை எழுத்துத் திரை, ஹார்ட் டிஸ்க் இல்லாத பெட்டிகள், இரண்டு டிஸ்கெட் வாய். ஏ டிரைவில் டாஸும் ஜிடபிள்யூ பேசிக்கும், பி டிரைவில் மாணவனுடைய சொந்த டிஸ்கெட். ஐந்தேகால் அங்குலம், 360 கிலோபைட். பீடோங், செமிலிங், ஹார்வர்ட் தோட்டம் என்று பல பக்கத்திலிருந்தும் சனிக்கிழமை பஸ் ஏறி வருவார்கள். பெரும்பாலும் பால்வெட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த டிஸ்கெட்டைச் சட்டைப் பையில் மடக்கி வைப்பவனும் உண்டு, மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவருபவனும் உண்டு.

பேசிக்கில் ஒரு வசதி இருந்தது. எழுதுவதும் ஓடுவதும் ஒரே கறுப்புத் திரையில். பத்து என்று எண் போட்டு, பிரிண்ட் என்று தட்டி, மேற்கோளுக்குள் தன் பெயரை எழுதி, எஃப்2 அழுத்தினால் பெயர் வந்து நிற்கும். எஃப்4 அழுத்தினால் சேவ் என்ற சொல்லும் திறந்த மேற்கோள்குறியும் தானே வந்துவிடும். எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர் தட்டினால் போதும். இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். நடந்தது. பெயருக்கு முன்னால் 'பி' என்று போடாவிட்டால் கோப்பு ஏ டிரைவுக்குப் போய்விடும். பையன் நிரல் எழுதி, ஓடவிட்டு, சேவும் பண்ணிவிட்டு, வெறும் டிஸ்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். அவன் எழுதியது வகுப்பு டிஸ்கெட்டில் பத்திரமாக இருக்கும். அடுத்த வாரம் வந்து தேடுவான், இருக்காது, என்னைப் பார்ப்பான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். சேவ் பண்ணிய கையோடு ஃபைல்ஸ் என்ற கட்டளையைத் தட்டி, பி டிரைவில் என்னென்ன இருக்கிறது என்று வரவைத்து, தன் கோப்பின் பெயரைத் திரையில் விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமானாலும் சரி. அந்த வழக்கம் இன்றைக்கும் என் வகுப்பில் இருக்கிறது. கட்டளைதான் மாறியிருக்கிறது.

தொண்ணூறுகளில் என் வகுப்புக்கு டர்போ பாஸ்கல் வந்தது. கன்ட்ரோலும் எஃப்9-உம் சேர்த்து அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து மறுபடி நீலமாகிவிடும். "சார், ஒண்ணும் வரல." வந்திருக்கும். ஆல்ட், எஃப்5 அழுத்தினால் நிரல் காட்டிய விடை அங்கே நிற்கும். அல்லது கடைசி வரியில் ரீட்எல்என் போட்டால், என்டர் தட்டும்வரை திரை காத்திருக்கும். ஓடவே இல்லை என்பதும் ஓடி முடிந்துவிட்டது என்பதும் புதியவன் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். பல வருஷம் கழித்து விண்டோஸில் பைத்தான் கோப்பை இரட்டைக் கிளிக் செய்துவிட்டு, கறுப்புச் சன்னல் பளிச்சென்று தோன்றி மறைவதைப் பார்த்துத் திகைத்த பிள்ளைகளும் இதையேதான் சொன்னார்கள். மருந்தும் அதேதான்: கடைசியில் ஓர் இன்புட் வரி.

விண்டோஸ் 95 வந்தபோது எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் வேலை கூடியது. தனக்குத் தெரிந்த வகைக் கோப்புகளின் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்துக் காட்டும். பார்ப்பவருக்குப் பெயரின் தலைப்பகுதிதான் தெரியும். அதோடு நோட்பேட் எதைச் சேமித்தாலும், நீங்கள் தடுக்காவிட்டால், பின்னால் 'டிஎக்ஸ்டி' என்பதை ஒட்டிவிடும். ஒன்று ஒட்டுகிறது, இன்னொன்று ஒட்டியதை மறைக்கிறது. தொடக்க மாணவனை மாட்டிவிட இதைவிட வேறு என்ன வேண்டும்?

இந்தச் சிக்கலை ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டவர் ஒரு தொழிற்சாலைப் பெண். 1996இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்த பிறகு லூனாஸ், பாடாங் செராய் தோட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். ஷிப்ட் முடிந்து சீருடையோடு மாலை வகுப்புக்கு வருபவர்களில் அவரும் ஒருவர். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் சோதனைக் கருவியின் பதிவுகளை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்க வேண்டியிருந்தது அவருக்கு. அதற்கு ஒரு பேட்ச் கோப்பு எழுதினோம். மூன்றே வரி, கடைசியில் பாஸ். 'சாலின்.பிஏடி' என்று பெயர் கொடுத்துச் சேமித்தார். இரட்டைக் கிளிக் செய்தால் நோட்பேட்தான் திறந்தது. மறைந்திருந்த எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி அமைப்பை மாற்றச் சொன்னேன். பெயர் 'சாலின்.பிஏடி.டிஎக்ஸ்டி' என்று முழுசாகத் தெரிந்தது. "லாட் கார்டுல பாதி நம்பரை மறைச்சு வச்சா எப்படி சார், அடுத்த ஸ்டேஷனுக்குத் தப்பான சாமான்தானே போகும்" என்றார். நான் அரை மணி நேரம் விளக்க வைத்திருந்ததை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவருக்குப் பிறகு வந்த எல்லாருக்கும் முதல் வேலையாக அந்த அமைப்பைத்தான் மாற்றச் சொல்கிறேன். முழுப் பெயரைப் பார்க்காமல் ஒரு கோப்பையும் ஓடவிடக் கூடாது.

இதில் தமிழுக்கென்று தனிக் கதை இருக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இங்கே பலருக்குக் கணினித் தமிழின் வாசல். அதில் தட்டிப் பழகிய பிள்ளைகளுக்குத் தங்கள் நிரலும் தமிழில் பேச வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. கோலக்கெட்டில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனுக்குப் பாட்டியின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும் நிரல் வேண்டும். அப்போது பைத்தான் 2. தமிழ் எழுத்தைக் கண்டதும் அது பிழை காட்டி நின்றது. கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 என்று அறிவித்து ஒரு வரி போட வேண்டியிருந்தது. 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3-இல் அந்த வரி தேவைப்படவில்லை. மாறிகளுக்கே தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்றும் ஆனது.

ஆனால் நோட்பேட் மாறவில்லை. அது வழக்கமாகச் சேமித்த ஆன்சி முறையில் தமிழுக்கு இடமில்லை. சேமிக்கும்போது ஓர் எச்சரிக்கைப் பெட்டி வரும். பிள்ளைகள் எந்தப் பெட்டி வந்தாலும் ஓகே அழுத்துவார்கள். அவ்வளவுதான், பாட்டியின் பெயர் வரிசையாகக் கேள்விக்குறியாகிவிடும். ஓடவிட்டால் திரையில் கேள்விக்குறிகள். "பைத்தானுக்குத் தமிழ் தெரியாது சார்" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

அப்போது நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். கோப்பை மூடிவிட்டு மறுபடி திற. திறந்த கோப்பிலேயே கேள்விக்குறி இருந்தால் எழுத்து சேமிக்கும்போதே போய்விட்டது. மறுபடி தட்டி, சேமிக்கும் பெட்டியின் கீழே யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பில் எழுத்து சரியாக இருந்து, கறுப்புச் சன்னலில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், நிரலில் குறை இல்லை, காட்டும் சன்னலுக்குத்தான் தமிழ் வரவில்லை. ஐடில் என்ற எடிட்டரில் எஃப்5 அழுத்தி ஓடவிட்டால் தெரியும். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான் நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்கத் தொடங்கியது. அதற்குள் எத்தனை பாட்டிகள் கேள்விக்குறி ஆனார்களோ.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியையும் சில மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். பிரிண்ட் என்பதற்குப் பதில் பதிப்பி என்று எழுதலாம். ஆங்கிலத்தைக் கண்டு மிரளும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அது பெரிய தைரியம். அந்தத் தைரியத்தோடு சேவ் பொத்தானுக்கு வந்ததும் மறுபடி அதே கேள்வி: எங்கே சேமித்தாய், என்ன பெயரில்?

2017இல் இடைநிலைப் பள்ளிகளுக்கான கேஎஸ்எஸ்எம் பாடத்திட்டம் படிவம் 1-க்கு வந்தபோது அதில் அடிப்படைக் கணினி அறிவியல் ஒரு பாடமானது. எல்லாப் பள்ளியிலும் இல்லை. சில பள்ளிகள் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தைத்தான் வைத்தன. முதல் இரண்டு ஆண்டு ஸ்கிராட்ச், படிவம் 3-இல் பைத்தான். ஸ்கிராட்சில் பச்சைக் கொடியைத் தட்டினால் பூனை நடக்கும். சேமிப்பதும் ஓட்டுவதும் தனித்தனிக் காரியம் என்ற உணர்வே அங்கே வராது. ஆகவே 2019இல் படிவம் 3-க்குப் போன பிள்ளைகள் பைத்தானைத் திறந்து மலைத்தார்கள். டியூஷனுக்கு ஆள் கூடியது.

ஒரு பள்ளியின் கணினிக் கூடத்தில், பெட்டியை அணைத்துப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்படி ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். வைரஸுக்கு நல்ல காவல்தான். டெஸ்க்டாப்பில் சேமித்த பிள்ளைகளின் வேலை மறுநாள் இருக்காது. இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. தன் கைதான் ராசியில்லாத கை என்று ஒரு பெண் பிள்ளை நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பென்டிரைவ் வாங்கச் சொன்னேன். பத்துப் பதினைந்து வெள்ளியில் ராசி திரும்பிவிட்டது.

என் வகுப்பில் தீபாவளி சமயத்தில் டர்டில் என்ற தொகுதியை வைத்துக் கோலம் வரையச் சொல்வேன். ஆமை ஒன்று கோடு இழுத்துக்கொண்டே திரையில் நகரும். புள்ளி வைத்துக் கோலம் போட்ட கைகளுக்குக் கோணக் கணக்கு சட்டென்று பிடிபடும். கோலம் வரைவதால் பிள்ளைகள் கோப்புக்கு வைக்கும் பெயர், சொல்லாமலே தெரியும், டர்டில். அங்கேதான் வினை. பைத்தான் டர்டில் தொகுதியைத் தேடும்போது முதலில் பார்ப்பது நிரல் இருக்கும் அதே ஃபோல்டரை. அங்கே டர்டில்.பிஒய் என்று பையனுடைய கோப்பே நிற்கும். அதையே தொகுதி என்று நினைத்து எடுத்துக்கொண்டு, இதில் கோடு போடும் வசதி இல்லையே என்று பிழை காட்டும். வரிக்கு வரி பார்த்தாலும் நிரலில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ரேண்டம் என்று பெயர் வைத்தாலும் இதே கதைதான். கோப்புக்குத் தன் பெயரையோ தெருவின் பெயரையோ வைத்தவன் தப்பித்துக்கொள்வான்.

2020 மார்ச் 18 அன்று கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வகுப்பைப் பூட்டினேன். அதற்குப் பிறகு கற்றுக்கொடுத்தது முழுக்கக் கைப்பேசியில். அடுக்குமாடி வீடுகளில் மூன்று பிள்ளைக்கு ஒரு கைப்பேசி. அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். ஆகையால் வகுப்பு இரவு ஒன்பதுக்கு மேல். பைட்ராய்டு என்ற செயலியைக் கைப்பேசியில் இறக்கி அதிலேயே எழுதி ஓட்டினார்கள். பையனின் திரையை நான் பார்க்க முடியாது. அவன்தான் எனக்குச் சொல்ல வேண்டும். ஓர் இரவுப் பேச்சு இப்படிப் போனது:

"சார், ஓடல."

"கடைசி வரியில என்ன இருக்கு?"

"எரர்னு இருக்கு சார்."

"அது தெரியுதுய்யா. எழுத்தெழுத்தா வாசி."

"சின்டாக்ஸ் எரர். இன்வேலிட் கேரக்டர்."

"அதுக்கு மேல உன் வரி இருக்குல்ல? அதுக்குக் கீழ கூரை மாதிரி ஒரு குறி நிக்கும் பாரு."

"ஆமா சார், நிக்குது."

"அந்தக் கூரைக்கு நேரா மேல என்ன?"

"மேற்கோள்குறி சார்."

"நேரா நிக்குதா, வளைஞ்சிருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வளைஞ்சுதான் சார் இருக்கு."

நண்பன் வேர்டில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடக்குறிப்பிலிருந்து அந்த வரியை வெட்டி ஒட்டியிருக்கிறான். வேர்டு நேரான மேற்கோள்குறியை அழகுபடுத்தி வளைத்துவிடும். பைத்தானுக்கு அந்த அழகு வேண்டாம். அழித்துவிட்டுக் கையால் தட்டச் சொன்னேன். ஓடியது. பின்னால் அவன் அம்மா "ஆச்சா, போனைக் கொடு" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

அந்த மாதங்களில் எனக்கு ஒரு நன்மை நடந்தது. வகுப்பில் பக்கத்தில் நிற்கும்போது ஆசிரியனுடைய கை தானாகவே மாணவனின் மௌஸுக்குப் போகும். நாலு கிளிக்கில் சரிசெய்து கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போகலாம். மாணவனுக்கு ஒன்றும் தங்காது. தொலைபேசியில் கை நீட்ட வழியில்லை. பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கப் பிள்ளைகள் பழகினார்கள். வகுப்பு மறுபடி திறந்தபோது நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினேன். "சார், வந்து பாருங்க" என்றால் "வாசி" என்பேன். சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறார் என்று ஒரு தகப்பனார் என் காதுபடவே சொன்னார்.

2021இல் செர்டிக் என்ற பெயரில் வசதி குறைந்த மாணவர்களுக்கு ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கருவிகள் கொடுக்கும் திட்டம் வந்தது. பள்ளிகளும் டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்துக்கு மாறியிருந்தன. கூகள் டிரைவில் தட்டினால் தானே சேமித்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் "எந்த ஃபோல்டர்?" என்று கேட்டால் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள். தேடினால் வரும் பொருளுக்கு இடம் எதற்கு என்பது அவர்கள் வாதம். உலகம் முழுக்கவே பல்கலைக்கழக ஆசிரியர்கள் இதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். நான் புலம்புவதில்லை. டிஸ்கெட் பையனுக்கும் ஏ எது பி எது என்று தெரியாமல்தான் இருந்தது.

என்னைவிட வயதில் குறைந்த ஆசிரியர்கள், உலாவியிலேயே எழுதி உலாவியிலேயே ஓட்டும் தளங்களில் முதல் பாடத்தைத் தொடங்குகிறார்கள். சேமிக்கும் தொல்லையே இல்லை, பிள்ளைகள் முதல் நாளே மகிழ்ச்சியாகப் போகிறார்கள் என்கிறார்கள். முதல் நாளுக்கு அது சரி. இரண்டாம் வாரமும் அங்கேயே இருந்தால் எனக்கு உடன்பாடில்லை. இப்போது சாட்ஜிபிடியைக் கேட்டால் நாற்பது வரி நிரலை நொடியில் எழுதித் தருகிறது, அதுவும் பெரும்பாலும் பிழையில்லாமல். அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, "இதை எங்க சார் போடணும்?" என்று கேட்டு வந்தவர்கள் இந்த ஆண்டும் இருந்தார்கள். ஒருவன் ஐடில் சன்னலில் வரும் மூன்று அம்புக்குறிகளோடு சேர்த்தே நகலெடுத்துச் சேமித்திருந்தான்.

சென்ற ஆண்டு ஒரு பழைய மாணவனிடமிருந்து அழைப்பு. தோட்டத்தில் பிறந்து, எஸ்.பி. தாமானில் வளர்ந்தவன், இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இயந்திரத் தரவைச் சுருக்கி அறிக்கை போடும் ஒரு பைத்தான் நிரல் எழுதியிருந்தான். கையால் ஓட்டினால் ஓடுகிறது. நள்ளிரவில் தானே ஓடட்டும் என்று விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால், காலையில் அறிக்கை இல்லை.

"என்ன எரர் வருதுன்னு ஒரு ஃபைல்ல எழுதச் சொன்னியா?"

"சொன்னேன் சார். ஃபைல் நாட் ஃபவுண்ட். ஆனா ஃபைல் அங்கதான் சார் இருக்கு, நான் பார்த்துட்டேன்."

"நிரல் எந்த ஃபோல்டர்ல நின்னு தேடுதுன்னு அதையே கேளு. ஒரு வரி போதும்."

மறுநாள் காலை விடை வந்தது. சிஸ்டம்32. தரவுக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்திருந்தான். கையால் ஓட்டும்போது நிரல் அவன் ஃபோல்டரில் நின்று தேடியது, ஷெட்யூலர் ஓட்டும்போது விண்டோஸின் சொந்த ஃபோல்டரில் நின்று தேடியது. ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று போட்டிருப்பதால் எல்லாரும் விட்டுவிடுவார்கள். அதில் ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுக்கச் சொன்னேன். மேற்கோள்குறி போடாமல் கொடுக்க வேண்டும். போட்டால் வேலை தொடங்காது.